உங்கள் ஊரிலேயே ஒரு சிறு கண்காட்சி: குமரி மாவட்டத்தில் முதன்முறை நடத்துபவர்களுக்கு

அருங்காட்சியகம் என்றதும் நம் மாவட்டத்தில் இரண்டு இடங்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒன்று பத்மநாபபுரம் அரண்மனை, இன்னொன்று கன்னியாகுமரி காந்தி மண்டபம் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம். இரண்டும் அரிய இடங்கள். ஆனால் இந்த மண்ணில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் பொருள்கள் இன்னும் வீடுகளில்தான் கிடக்கின்றன. பரண்மேல் உருளி, சாய்ப்பில் நெல் சேர்த்து வைக்கும் பத்தாயம், தகரப் பெட்டிக்குள் திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம். வீட்டை இடித்துக் கட்டும்போது இவையெல்லாம் எடைக்குப் போய்விடுகின்றன. பொருளைப் பற்றித் தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் நடக்கும் ஒரு சின்னக் கண்காட்சி போதும், இவற்றில் ஒரு பகுதியாவது பதிவாகிவிடும். ஐந்தாறு பேர், ஒரு கூடம், ஒரு மாத உழைப்பு இருந்தால் நடத்திவிடலாம்.

படி 1: ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

"எங்கள் ஊரின் பழைய பொருள்கள்" என்று பொதுவாக அறிவித்தால் எல்லாரும் எல்லாவற்றையும் கொண்டுவந்து குவிப்பார்கள். பார்ப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. குறுகலான விஷயமாக இருக்கட்டும். மலையோரத்திலும் நடுப்பகுதியிலும் இருப்பவர்கள் பனையை எடுக்கலாம்: பாளை அரிவாள், கலயம், கடவப்பெட்டி, கருப்புக்கட்டி ஊற்றும் சிரட்டை. கடற்கரை ஊர் என்றால் கட்டுமரமும், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் நெல்: நாழி, மரக்கால், உரல், பத்தாயம். முளகுமூடு, நாகர்கோவில் பக்கம் லேஸ் பின்னல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி குடும்பத்துப் பெண்மணி மார்த்தா மால்ட் தொடங்கிவைத்த கைவேலை அது. அந்த ஒன்றை வைத்தே ஒரு கூடத்தை நிறைத்துவிடலாம்.

தேரூர்க்காரர்களுக்குக் கவிமணி, பூதப்பாண்டிக்காரர்களுக்கு ஜீவா, ஒழுகினசேரிக்காரர்களுக்கு என்.எஸ். கிருஷ்ணன் என்று ஊரின் பெரிய மனிதரையே விஷயமாக எடுக்கத் தோன்றும். முதல் முறைக்கு அது வேண்டாம் என்பேன். அவர்களைப் பற்றிய பொருள்கள் ஒன்றிரண்டு வீடுகளில் மட்டுமே இருக்கும். நாழியும் கலயமும் எல்லா வீட்டிலும் இருக்கும், எல்லா வீட்டாரும் பங்கெடுப்பார்கள்.

மொத்தம் முப்பது நாற்பது பொருள்களைத் தாண்ட வேண்டாம்.

படி 2: வேறு இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்

குழுவாகப் பத்மநாபபுரம் போய் வாருங்கள் (திங்கட்கிழமை விடுமுறை). அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அங்கே மரவேலைப்பாட்டை ரசிப்பதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னால் நிற்கும்போதும் உங்களுக்கு முதலில் எழும் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். "இதை எப்படித் தூக்கினார்கள்?", "இது யாருக்கு?", "இந்தத் தரை எப்படி இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது?" உங்கள் கண்காட்சிக்கு வருபவரும் இதே மாதிரிக் கேள்விகளோடுதான் நிற்பார். அந்தக் குறிப்பு ஐந்தாம் படியில் கைகொடுக்கும்.

படி 3: இடமும் நாளும்

கோயில் மண்டபம், சர்ச் ஹால், சமுதாயக் கூடம் எல்லாமே எளிதாகக் கிடைக்கும். ஆனாலும் கிளை நூலகத்தையோ அரசுப் பள்ளியையோ முதலில் கேளுங்கள். எந்தத் தெருக்காரரும் எந்த மதத்தவரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாக இருப்பது நம் ஊர்களில் மிக முக்கியம்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. அதனால் ஜூன், ஜூலையும் அக்டோபர், நவம்பரும் ஈரக்காற்று மாதங்கள். பழைய காகிதத்துக்கு ஆகாது. பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசி, பிப்ரவரி நல்லது. உலக அருங்காட்சியக நாளான மே 18ஐ ஒட்டி வைத்தால் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டுமே உண்டு என்பதால் உங்கள் ஊர் எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்த்து நாள் குறியுங்கள். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் காலம் அது.

படி 4: பொருளைக் கேட்டு வாங்குவது

முழு ஏற்பாட்டிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஒருவர் தன் அம்மாவின் கிண்டியை (மூக்கு வைத்த செம்பு) உங்கள் கையில் தருகிறார் என்றால் அது சாதாரண நம்பிக்கை இல்லை. அது கீறல் இல்லாமல் திரும்பிப் போனால்தான் அடுத்த கண்காட்சிக்கு அந்த வீட்டு வாசல் திறக்கும்.

இரட்டைத் தாள் போட்டு எழுதும் ரசீது புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எண், பொருளின் பெயர், தருபவர் பெயர், வாங்கிய நாள், திருப்பித் தரும் நாள், ஏற்கெனவே உள்ள குறை (விளிம்பில் நெளிவு, பிடி ஆட்டம், ஓரம் கிழிசல்) எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த வீட்டிலேயே நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துவிடுங்கள். எண்ணைப் பொருளின்மேல் ஒட்டாதீர்கள். அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று தர எல்லா வீட்டிலும் ஆசைப்படுவார்கள். அன்போடு தடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் கழுத்தில் பெயரும் சில சமயம் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்து மழுங்கும்.

தங்கம் வாங்கவே வேண்டாம். வடசேரியில் செய்யப்படும் 'கோயில் நகை' வகையைக் காட்ட விரும்பினால் அங்கே செய்பவர்களையே அழைத்து, கல் பதிக்கும் வேலையை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

சட்டம் தொடர்பாக நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். யானைத் தந்தம், மான் கொம்பு, புலி நகம் எதையும் வைக்கக் கூடாது. கடற்கரை வீடுகளில் வேளா மீனின் பல் வைத்த நீண்ட கொம்பு இருக்கும். வேளாவும் சில வகைச் சங்குகளும் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, தவிர்த்துவிடுங்கள். நூறு ஆண்டு தாண்டிய சிற்பம், உலோகத் திருமேனி, ஓவியம் போன்றவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாதவை உங்கள் மேசைக்கு வர வேண்டாம். கிணறு தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது பானையோ காசோ கொண்டுவந்தால் முதலில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

படி 5: குறிப்பு அட்டை எழுதுவது

பொருளைவிட அதன் பக்கத்தில் இருக்கும் நான்கு வரிதான் கண்காட்சியைத் தாங்குகிறது. உரல் பார்க்காதவர் யாரும் இல்லை. இந்த உரலில் யார் குத்தினார்கள், எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை மரக்கால் நெல் குத்தினார்கள் என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். "பாட்டி, இது யாருக்குள்ளது? எப்போ வந்தது? கடைசியா எப்போ எடுத்தீங்க?" இந்த மூன்று கேள்வி போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொன்ன சொல்லையே அட்டையில் போடுங்கள். "எங்க அம்மைக்க சீதனம்" என்று பாட்டி சொன்னால் அதை "தாயாரின் சீர்வரிசை" என்று திருத்த வேண்டாம். ஊர்க்காரர் படிக்கும்போது அந்தப் பேச்சு காதில் விழ வேண்டும்.

ஒரு மாதிரி அட்டை இப்படி இருக்கலாம்:

"பத்தாயம். அயனிப் பலகை. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்து நெல்லும் இதில்தான். 'மேல்பலகையிலதான் நான் படுத்து உறங்குவேன். எலி ஓடுற சத்தம் கேக்கும்.' தந்தவர்: கீழத்தெரு வீடு."

ஐம்பது சொல்லுக்குள் முடித்துவிடுங்கள். எழுத்து கண்ணாடி போட்ட தாத்தாவும் படிக்கும் அளவு பெரிதாக, 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும். பளபளக்கும் பிளெக்ஸில் விளக்கொளி பட்டால் படிக்க முடியாது.

பழைய பத்திரங்களின் ஆண்டைப் படிப்பதில் பலரும் தடுமாறுவார்கள். 1098 என்று எழுதியிருந்தால் அது கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் மார்கழி நடு வரை உள்ள தேதிக்கு 824ஐயும், அதன் பிறகு ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்டுங்கள். 1098 ஆவணி என்றால் 1922. 1098 சித்திரை என்றால் 1923. பணக் கணக்கும் அப்படித்தான்: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இந்தக் கணக்கை ஒரு பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினால் பள்ளிப் பிள்ளைகள் அங்கேயே கூட்டிப் பார்ப்பார்கள். பத்திரம் மலையாள எழுத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் கட்டாயம் இருப்பார். அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் சொத்து விவரம் வெளியே தெரிய வேண்டாம் என்று வீட்டார் நினைத்தால் முத்திரை உள்ள மேல்பகுதியை மட்டும் நகலெடுத்து வையுங்கள்.

படி 6: வைப்பதும் மாட்டுவதும்

படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். பிள்ளைகளுக்கான வரிசை என்றால் 120 போதும். மேசைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் வழி விடுங்கள், சக்கர நாற்காலி போக வேண்டும்.

மூலப் புகைப்படத்தை வைக்காமல் நகலை வைப்பது நல்லது. சின்னப் படம் என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். மூலப் படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். லேமினேட் செய்யவே கூடாது, செல்லோடேப்பும் ஆகாது. காகிதம், துணி, லேஸ் எதுவும் ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சமே கொடுக்கின்றன. நமக்கு இரண்டு நாள்தான், எல்இடி விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் சரி.

வர்ம, வைத்தியச் சுவடிகள் வந்தால் கட்டை அவிழ்க்காமல் வையுங்கள். எண்ணெய் தடவுகிறேன் என்று யாராவது முன்வந்தாலும் விடாதீர்கள். அது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

படி 7: அந்த இரண்டு நாள்

தந்தவர்களையே அவர்கள் பொருளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரமாவது உட்கார வையுங்கள். ஓலை முடைபவர், லேஸ் பின்னுபவர் யாராவது இருந்தால் வேலையைச் செய்து காட்டட்டும். அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள்.

பெயர் தெரியாத பழைய குழுப்படம் ஒன்றாவது இருக்கும். பெரிதாக நகலெடுத்து ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். சாயங்காலத்துக்குள் பல பெயர்கள் வந்துவிடும். கூட்டம் அதிகம் நிற்பதும் அங்கேதான். இரவில் இரண்டு பேர் கூடத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: திருப்பிக் கொடுப்பது

முடிந்த மறுநாளே தொடங்குங்கள், ஒரு வாரத்துக்கு இழுக்க வேண்டாம். பொருளையும் ரசீதையும் அன்று எடுத்த படத்தையும் ஒன்றாக வைத்து வீட்டாரோடு சரிபார்த்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். போகும்போது அவர்கள் பொருளின் குறிப்பு அட்டையையும், ஸ்கேன் செய்த படத்தின் நல்ல அச்சு ஒன்றையும் கொடுங்கள். அட்டைகள், பேச்சுப் பதிவுகள், பெயர் எழுதிய நோட்டு எல்லாவற்றின் நகலையும் ஒரு பென் டிரைவில் போட்டு, நோட்டின் அசலோடு கிளை நூலகத்தில் ஒப்படையுங்கள். நூலகப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.