1234567890ஐப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

"இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணி மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். அஞ்சு நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது. உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம்.

முதலில் சுலபமானது. கடைசியில் 0 இருப்பதால் 2, 5 இரண்டையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சும் 123456789இன் இலக்கங்களைக் கூட்டினால் 45, ஆகவே 9ஆல் வகுபடும். ஈவு 13717421. இதன் இலக்கக் கூடுதல் 26, இனி 3க்கு வேலையில்லை.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துப் பார்த்தேன். 200ஐத் தாண்டியும் மீதி வந்துகொண்டே இருந்தது. விடை 3607இல் இருக்கிறது; அதற்கு முன்னால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகா எண்கள் வரிசையில் நிற்கின்றன!

அப்புறம்தான் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1643இல் ஒரு கடிதத்தில் எழுதிய வழி ஞாபகம் வந்தது. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், (அ−ஆ)(அ+ஆ) என்று உடைந்துவிடும். 13717421இன் வர்க்கமூலம் 3703.7 சொச்சம். அடுத்த முழு எண்ணான 3704இலிருந்து தொடங்குங்கள். (நான் 3703இல் தொடங்கி, கழித்தால் குறை எண் வருகிறதே என்று முழித்தேன்.)

3704இன் வர்க்கம் 13719616. கழித்தால் 2195. 5இல் முடியும் வர்க்கம் எப்போதும் 25இல்தான் முடியும், எனவே இது வர்க்கமில்லை.

3705இன் வர்க்கம் 13727025. கழித்தால் 9604. அது 98இன் வர்க்கம்!

3705−98 = 3607, 3705+98 = 3803. இரண்டாவது முயற்சியிலேயே முடிந்தது. இரண்டும் பகா எண்கள்தானா என்று 61 வரையுள்ள பகா எண்களால் வகுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆக 1234567890 = 2 × 3² × 5 × 3607 × 3803. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 2×3×2×2×2 = 48 காரணிகள்.

சரிபார்க்க எனக்குப் பிடித்தது லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும், எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துத் தரும் 'ஃபேக்டர்' கட்டளை. விளம்பரம் கொட்டும் இணையக் கால்குலேட்டர்கள் பக்கம் நான் போவதில்லை.

பின்சேர்க்கை: 2ஐ எடுக்காமல் 1234567890இலேயே ஃபெர்மா வழியைச் செய்து பார்த்ததாகவும், விடையே வரவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வராதுங்க. 4ஆல் வகுத்தால் மீதி 2 வரும் எந்த எண்ணும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக வராது. ஒற்றைப்படை ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொருவர் 4294967297ஐ முயன்று களைத்துவிட்டாராம். அதன் காரணிகள் 641, 6700417. வர்க்கமூலத்திலிருந்து இரண்டும் எங்கோ இருப்பதால் இந்த வழியில் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சி ஆகும். அதற்கு என் பழைய வழியே தேவலை: 641 வெறும் 116ஆவது பகா எண்.