வளரும் பிள்ளை தானாக வந்து சொல்ல வேண்டுமானால்

பிள்ளை வெளியே என்ன செய்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில் பெரும்பகுதி, துருவிக் கேட்டோ வேவு பார்த்தோ தெரிவதல்ல. பிள்ளையே சொல்லித் தெரிவது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் தெரியவந்தது. எனக்கு 16 வயதில் மகன், 13 வயதில் மகள். வீட்டில் எந்த விதி வைத்தாலும் ஒன்றைத்தான் யோசிப்பேன்: இதனால் நாளைக்கு என்னிடம் பேசுவார்களா, மறைப்பார்களா?

"கூடப் படிக்கிற பையன் சிகரெட் பிடிக்கிறான்மா" என்று மகன் சொன்னால், "நீயும் பிடிச்சியா?" என்று பாயாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள், மிச்சமும் வரும். அறிவுரையை மறுநாள் சொல்லலாம். உண்மையைச் சொன்னதற்கே திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. எனக்கு மற்ற எல்லா விதியையும்விட இதுதான் பெரிது.

வெளியே கிளம்பினால் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நானும் என் கணவரும் அப்படித்தான் போகிறோம். தாமதமானால் முன்கூட்டியே ஒரு மெசேஜ். சொன்னபடி வந்துகொண்டிருந்தால் நேரத்தை அரை மணி கூட்டுங்கள்; சொல்லாமல் தாமதித்தால் அடுத்த முறை அரை மணி குறையுங்கள். அதோடு சரி, பழசைக் கிளற வேண்டாம். நேரம் வயதைப் பொறுத்தது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வைத்தால் பெண் பொய் சொல்லத்தான் பழகுவாள்.

இரவில் எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். போன் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியைப் போடுவதானால் அவர்களுக்குத் தெரிந்தே போடுங்கள், உங்களுடையதையும் அவர்கள் பார்க்கட்டும். ரகசியமாக உளவு பார்க்கும் செயலி வேண்டவே வேண்டாம். அது தெரியவரும் நாளில் பேச்சு நின்றுவிடும்.

ஆபத்து என்று தெரிந்தால் கதை வேறு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, போதைப்பொருள், முன்பின் தெரியாத பெரியவர் யாரோ படம் கேட்பது, இதற்கெல்லாம் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். "பயமா இருக்கு, அதனால பார்க்கப் போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே போனைப் பாருங்கள். மிரட்டல் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், புகார் கொடுக்க அது வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.