நுவரெலியா செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலைநகரமான நுவரெலியாவுக்குச் செல்ல நினைக்கும் பலர் குதிரைப் பந்தயம் நடைபெறும் ஏப்ரல் மாதத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் பந்தயமும் சேர்ந்து வரும் அந்த நாள்களில் ஊர் களைகட்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பந்தயம் பார்க்கும் அதே இரண்டு நாள்களில் சுற்றியுள்ள மலைகளையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவது தவறு. அறை வாடகை பெருமளவு உயர்ந்திருக்கும், மலைப்பாதைகளில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும். பந்தயத்துக்காக வருபவர்கள் பந்தயத் திடல், 1873ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆளுநர் வில்லியம் கிரகரி அமைத்த கிரகரி வாவி, 1894ஆம் ஆண்டில் கட்டப்பட்ட செங்கல் நிறத் தபால் நிலையம் ஆகியவற்றை நடந்தே பார்ப்பதோடு நிறைவடைவது நல்லது. மலைக்காகவே வருபவர்களுக்கு மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே ஏற்றது என்பது என் கருத்து. அப்போது இரவுக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளி உடை இல்லாமல் வரக்கூடாது.

ரயிலில் வருபவர்கள் நகருக்குள் நிலையம் இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நானுஓயாவில் இறங்க வேண்டும்.

பலருக்கும் ஏமாற்றம் தருவது அருகிலுள்ள உயர்மலைத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிப் பயணம். விடுதியில் காலை உணவை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் புறப்பட்டால், 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் ‘உலக முடிவு’ப் பள்ளத்தாக்குக்குப் பதிலாக வெண்ணிற மூடுபனியை மட்டுமே காண நேரிடும், பெரும்பாலான நாள்களில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனி மேலேறி வந்துவிடும். விடியுமுன் புறப்பட்டு, வாயில் திறக்கும்போதே உள்ளே நுழைந்தால்தான் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நடைபாதையைத் தெளிந்த வானத்தின் கீழ் சுற்றிவர இயலும். அங்கே பொலித்தீனுக்குத் தடை உண்டு. வாயிலருகே நெருங்கி வரும் மரைகளுக்கு (கடமான்களுக்கு)ப் பிஸ்கட் ஊட்டுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். மனிதர் கொடுக்கும் தீனிக்குப் பழகிய விலங்கு உணவின் உறையையும் சேர்த்தே விழுங்குகிறது.

நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால (2,524 மீட்டர்) நகரிலிருந்தே தெரிவதால், உடனே நடந்து ஏறிவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். உச்சி பாதுகாப்புக்குட்பட்ட பகுதி என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு, தேயிலை மலைகளை இயற்கைக் காட்சியாக மட்டும் பார்ப்பது. காட்டை அழித்து முதலில் கோப்பியும், அது நோயால் வீழ்ந்தபின் தேயிலையும் நடப்பட்ட அந்தச் சரிவுகளின் பசுமை, தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியினரும் தலைமுறை தலைமுறையாக உழைத்து உருவாக்கியது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு உண்டு. படத்துக்காக அவர்களை நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கில் குறைகிறது. தமிழ் பேசும் நாம் “அக்கா, படம் எடுக்கலாமா?” என்று கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லயன் அறைகளின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதும், அங்குள்ள குழந்தைகளைக் கேளாமல் படமெடுப்பதும் கூடாது. அவை மக்கள் வாழும் வீடுகள்.