மூன்று பெட்டி போட்டுப் படிக்காதீர்கள்: அரசின் துறைகளைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலரின் நோட்டில் அரசமைப்பு பாடம் மூன்று பெட்டிகளோடு தொடங்கும். சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகத்துறை அதை நடைமுறைப்படுத்தும், நீதித்துறை விளக்கம் சொல்லும். மூன்றும் தனித்தனி என்று கீழே சிவப்புக் கோடு வேறு. இந்தப் படம் அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே அமைச்சராக இருப்பவர் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருக்கவே முடியாது. இங்கே நிலைமை நேர்மாறு. அவையில் உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும், இல்லையென்றால் பதவி போய்விடும்.

ஆகவே பெட்டியை மனப்பாடம் செய்வதை விட்டு, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அரசமைப்பின் பிரிவு 75இன்படி மத்திய அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது. மாநிலங்களவை எவ்வளவு கோபப்பட்டாலும் ஆட்சியை வீட்டுக்கு அனுப்ப முடியாது. 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. நாடாளுமன்ற முறை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

எம்.எல்.ஏ.வை அரசாங்கம் என்று எழுதுவதும் தவறு. ஆளுங்கட்சிக்காரராகவே இருந்தாலும் அமைச்சராக இல்லாதவர் நிர்வாகத்துறை ஆகமாட்டார்.

அடுத்தது, அரசாணையையும் சட்டத்தையும் குழப்புவது. நம் மாவட்டக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் உருவாகும் என்று 2019 ஆகஸ்ட் 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நவம்பரில் இரண்டும் செயல்படத் தொடங்கிவிட்டன. அதற்காகச் சட்டமன்றத்தில் தனி மசோதா வரவில்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டம் தந்த அதிகாரத்தில் அரசு ஆணை போட்டது, அவ்வளவுதான். அதுவே ஒரு மாநிலத்தைப் பிரிப்பதானால் பிரிவு 3இன்படி நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும். ‘அரசு சட்டம் போட்டுவிட்டது’ என்று பேப்பரில் படித்தால் உடனே பாருங்கள்: அது மசோதாவா, ஆளுநர் ஒப்புதல் பெற்ற சட்டமா, அவசரச் சட்டமா, வெறும் அரசாணையா?

ஆளுநர் ஒப்புதல் என்றதும் இன்னொன்று. நாடாளுமன்றம் என்றால் இரண்டு அவைகள் என்று மட்டும் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. பிரிவு 79இன்படி குடியரசுத் தலைவரும் நாடாளுமன்றத்தின் அங்கம். பிரிவு 168இன்படி ஆளுநரும் மாநிலச் சட்டமன்றத்தின் அங்கம். தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பரிலேயே ஒழிந்துவிட்டது. பழைய கைடுகளை நம்பாதீர்கள். பெட்டிப் படம் எங்கே உடைகிறது என்று பார்க்க, நம் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத் தலைவர். பாடநூலில் அந்தப் பதவி நிர்வாகத்துறைப் பகுதியில் இருக்கும். ஆனால் அவர் அமர்ந்து நடத்தியது மாநிலங்களவையை.

2019 வேலூர் மக்களவைத் தேர்தலைப் பற்றிக் கேட்டால், ‘குடியரசுத் தலைவர் ரத்து செய்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வாக்குப்பதிவு ஏப்ரல் 18 என்று இருந்தது. பணம் பிடிபட்டதைத் தொடர்ந்து தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, 16ஆம் தேதி அறிவிக்கை ரத்தானது. அதில் குடியரசுத் தலைவர் ஏன் வருகிறார்? மக்களவைத் தேர்தலுக்கு அறிவிக்கை வெளியிடுபவர் அவர்தான், அதுவும் ஆணையத்தின் பரிந்துரைப்படி. வெளியிட்டவரே திரும்பப் பெற வேண்டும். முடிவின் ஊற்று பிரிவு 324இன் கீழ் இயங்கும் ஆணையம், அது உங்கள் மூன்று பெட்டியில் எதிலுமே இல்லை. ரத்தை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் போனது, நீதிமன்றம் தலையிடவில்லை. பின்னர் ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்தது. இந்த ஒரு செய்தியைத் தேதி வாரியாக எழுதிப் பார்த்தாலே பாதிப் பாடம் புரியும்.

கடைசியாக, நம் வேலூரின் சத்துவாச்சாரி. கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில். கலெக்டர் ‘144 தடை உத்தரவு போட்டார்’ என்றதும் அவரும் ஒருவகை நீதிபதி என்று எழுதிவிடுகிறார்கள். அவர் நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்). 1974 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவர்களையும் நிர்வாக நடுவர்களையும் தனித்தனியாக வகுத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அந்தப் பிரிவினை இருக்கிறது, 144 மட்டும் 163 ஆகிவிட்டது. கலெக்டரை இடம் மாற்றுவது மாநில அரசு. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் மாவட்ட நீதிபதியை ஆளுநர் நியமிப்பது உயர் நீதிமன்றத்தைக் கலந்துதான், அவர்மீதான கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம். பிரிவு 233, 235 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நேரம் கிடைத்தால் ஒருநாள் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அரசே எதிர்மனுதாரராக இருக்கும் வழக்கு ஒன்றாவது அநேகமாகப் பட்டியலில் இருக்கும்.