அரச கதிரையிலிருந்து கம்பனிக் கதிரைக்கு: வழுக்கும் இடங்கள்

அமைச்சுகள் இயங்கும் பத்தரமுல்லை செத்சிரிபாயவிலிருந்து கம்பனிகள் நிறைந்த கோட்டை உலக வர்த்தக மையத்துக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். அமைச்சில் மேலதிகச் செயலாளராக இருந்தவர் கம்பனியொன்றில் ‘அரச தொடர்புகள்’ ஆலோசகராகப் போய் உட்காருவதற்கு நடுவில் வேறு தடை பெரிதாக ஒன்றும் தெரியாது. அரசிடம் கம்பனிகளுக்காகப் பேசுவோரை, அதாவது லொபி செய்வோரை, பதிவு செய்யும் சட்டம் இலங்கையில் கிடையாது. பதவியை விட்டு இத்தனை மாதம் பொறுத்துத்தான் போகலாம் என்று எல்லா அதிகாரிகளுக்கும் பொதுவான இடைவெளிக் காலமும் இல்லை. ஊழலுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை அப்படியொரு கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சமவாயத்தை இலங்கை 2004 மார்ச்சிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றதோடு சரி.

தடை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மாட்டிவிடுபவை வேறு சட்டங்கள். அவையும் பெரும்பாலும் பிடிப்பது புது வேலையில் சேர்ந்த பிறகு செய்ததை அல்ல, பழைய கதிரையில் இருந்த கடைசி வாரங்களில் செய்ததைத்தான்.

பேச்சு தொடங்கிய நாள்

இலஞ்சம் என்றால் கடித உறைக்குள் காசு என்றுதான் பலர் மனதில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் தொட்டே பதவி, தொழில், ஒப்பந்தம் எல்லாம் அந்த வரைவிலக்கணத்துக்குள் வரும். அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், நலன் முரண்பாட்டை, அதாவது சொந்த நலன் பதவிக் கடமையோடு மோதுவதை, தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. ஆகவே வேலை தருகிறோம் என்ற வாக்குறுதியே, நேரத்தைப் பொறுத்து, குற்றச்சாட்டின் முதல் வரியாக மாறலாம்.

ஓர் உதாரணம். ஜனவரி 10: கம்பனி முகாமையாளரோடு கோப்பி, “சேர், ரிட்டயர் ஆனதும் எங்களோட வாங்களேன்.” ஜனவரி 25: அதே கம்பனியின் அனுமதிப்பத்திரக் கோவையில் சேரின் பரிந்துரை. மார்ச் 1: விலகல் கடிதம். ஏப்ரல் 1: புது வேலை. ஜனவரி 25 பரிந்துரை முற்றிலும் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் நான்கு திகதிகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் அது வேறு கதை சொல்லும். மலலசேகர மாவத்தையில் இருக்கும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவில் விசாரணை என்று வந்தால் முதலில் எழுதப்படுவதும் அப்படியொரு தாள்தான்.

செய்ய வேண்டியது எளிது, கொஞ்சம் கூச்சமானது. பேச்சு தொடங்கிய அன்றோ மறுநாளோ கோவையின் குறிப்புத் தாளிலேயே எழுதுங்கள்:

“மேற்படி கம்பனியுடன் எனது தொழில் வாய்ப்புத் தொடர்பில் 10.01 அன்று உரையாடல் இடம்பெற்றதால், இக்கோவை குறித்த எந்தத் தீர்மானத்திலும் பரிந்துரையிலும் நான் பங்குபற்றமாட்டேன். வேறோர் உத்தியோகத்தரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கையொப்பம், திகதி, பதவி முத்திரை. ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி செயலாளரிடம். “செயலாளரிடம் வாயால் சொன்னேனே” என்பது இரண்டு வருடம் கழித்து எதற்கும் உதவாது. அந்தச் செயலாளரே அப்போது வேறு அமைச்சில் இருப்பார். குறிப்பை எழுதிவிட்டு, கோவையைப் பொறுப்பேற்ற இளைய உத்தியோகத்தரைக் கூப்பிட்டு “அதைக் கொஞ்சம் சுறுக்கா முடிச்சு விடும்” என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு எழுதாமலே இருந்திருக்கலாம்.

பெறுகைகளில், அதாவது அரசு டெண்டர் மூலம் வாங்கும் வேலைகளில், இது இன்னும் கூர்மையானது. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் இருக்கும்போது இந்தப் பேச்சு வந்தால் கூட்டத்துக்குப் போகாமல் விடுவது போதாது. உங்கள் பெயர் குழுவில் அப்படியே இருக்கும், பக்கச்சார்பில்லை என்று நீங்கள் ஒப்பமிட்ட பிரகடனமும் கோவையில் இருக்கும். எழுத்தில் விலகி, உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் நியமிக்கப்பட்டாரா என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வேலைப் பேச்சை ‘உண்மையான’ கொடுக்கல் வாங்கல் முடியும்வரை தள்ளிப்போட்டால் தப்பலாம் என்ற கணக்கும் சரிவராது. திணைக்களத்தோடு ஒருவர் வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு முன்னும் பின்னுமான ஓராண்டையும் 1954 சட்டம் கணக்கில் எடுத்தது.

விலகலா, ஓய்வா, சம்பளமற்ற லீவா

இதைக் கணக்காளரிடம் கேட்காமல் கன்ரீனில் கேட்பதால் வரும் நட்டம் பெரிது. விலகினால் பென்சன் உரிமை போய்விடும். ஓய்வு பெறுவது வேறு. கட்டாய ஓய்வு வயது 2023 ஜனவரியிலிருந்து பெரும்பாலானோருக்கு 60. அதற்கு முன் போக நினைப்பவர் விருப்ப ஓய்வுக்குத் தகுதி பெற்றுவிட்டாரா என்பதைத் தனது சுயவிபரக் கோவையை வைத்துப் பார்த்த பிறகே பேனையைத் தொட வேண்டும்.

விலகல் கடிதம் கொடுத்த நாளே விலகிய நாள் அல்ல. நியமன அதிகாரி ஏற்க வேண்டும். ஏற்கும் முன்பே கம்பனிக்குப் போய் உட்கார்ந்தால் அரச சேவைக்கான தாபன விதிக்கோவையின்படி பதவி வெறிதாக்கல் அறிவித்தல், அதாவது பதவியை நீங்களே கைவிட்டதாகக் கருதும் கடிதம், வீட்டுக்கு வரும். வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பிணைமுறி மிச்சமிருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். சில கம்பனிகள் அந்தப் பிணைமுறிப் பணத்தைத் தாங்களே கட்ட முன்வருகின்றன. அந்தத் தொகையும் அதன் திகதியும் மேலே சொன்ன தாளில் இன்னொரு வரியாக ஏறும்.

சம்பளமற்ற லீவில் கம்பனிக்குப் போவதுதான் இருப்பதிலேயே குழப்பமான வழி. லீவில் இருந்தாலும் நீங்கள் அரச உத்தியோகத்தர்தான்; சொத்துப் பிரகடனமும் ஒழுக்காற்று விதிகளும் கூடவே வரும். உங்கள் சொந்த அமைச்சோடு பேசுவது அந்த வேலையின் பகுதி என்றால், லீவு அனுமதி கையில் இருந்தாலும் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

கோவையும் போனும்

பென் டிரைவில் ‘எனது வேலைகள்’ என்று ஒரு போல்டரைக் கொண்டுபோவது பழக்கத்தால் வரும் தவறு. நீங்கள் வரைந்த அமைச்சரவைப் பத்திரம் உங்களுடையது அல்ல. அரச இரகசியங்களுக்கென்று 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வரி செலுத்துவோரின் விபரத்துக்கு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தனி இரகசியக் கடப்பாட்டை வைத்திருக்கிறது. உங்கள் அனுபவத்தைக் கொண்டுபோகலாம்: ஒரு விண்ணப்பம் எந்த ஒழுங்கில் நகரும், எந்த ஆவணம் இல்லாவிட்டால் திரும்பி வரும் என்பதெல்லாம் அறிவு. போட்டிக் கம்பனி என்ன விலை போட்டது என்பது அறிவல்ல.

போவதற்கு முன் கையளிப்புப் பட்டியல் ஒன்று செய்து, மடிகணினி, அடையாள அட்டை, வாகனம், கடவுச்சொற்கள், நிலுவைக் கோவைகளின் இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒப்பம் வாங்குங்கள். அமைச்சின் வட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் விலகுங்கள். இதை மறப்பவர்களே அதிகம். ஆறு மாதம் கழித்தும் சுற்றறிக்கை வரைவு உங்கள் போனில் வந்து விழுந்துகொண்டிருந்தால், கேட்காமலே வந்தது என்று சொல்லி நம்பவைப்பது கடினம்.

வேலைக்கு எடுக்கும் கம்பனி

கம்பனிகள் அடிக்கடி மறப்பது 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டம். ஐம்பது இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தத்தில் விலைமனுதாரருக்காக முகவராகவோ பிரதிநிதியாகவோ செயற்படுபவர், கம்பனிப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். ‘ஆலோசகர்’ என்று விசிட்டிங் கார்ட் அடித்தவர் டெண்டர் கூட்டத்தில் உங்கள் சார்பில் வாய் திறந்தால் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை கார்ட் தீர்மானிப்பதில்லை.

அடுத்தது வெற்றிக் கட்டணம். அனுமதி கிடைத்தால் இவ்வளவு என்று முன்னாள் அதிகாரிக்கு எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கை, பணம் எங்கே போனது என்ற கேள்வியைத் தானே அழைத்து வரும். மாதச் சம்பளம், எழுதப்பட்ட பணி விபரம், அவர் பழைய திணைக்களத்தோடு பேசக்கூடாத விடயங்களின் பட்டியல்: மூன்றையும் நியமனக் கடிதத்திலேயே வையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் குறைந்தது ஓராண்டு அவரைப் பழைய அலுவலகப் படியேற்றாமல் இருப்பது கம்பனிக்கே நல்லது. அதற்காக இடைவெளி முடிந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. ஐரோப்பிய ஆணைக்குழுவின் முன்னாள் தலைவர் பரோசோ, 18 மாத இடைவெளிக் காலம் முடிந்த பிறகுதான் 2016இல் கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கிக்குப் போனார். அப்படியும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2018இல் அந்தக் காலம் தலைவருக்கு மூன்று வருடமாக நீட்டப்பட்டது.

மறுபக்கத்திலிருந்து வருபவர்

கம்பனியிலிருந்து அரச நிறுவனமொன்றின் சபைத் தலைவராக வருபவருக்கும் ஒரு குழி உண்டு. பணிப்பாளர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். பணிப்பாளர் மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 20ஐக் கம்பனி இருபது வேலை நாட்களுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பவில்லையென்றால், பதிவேட்டில் அவர் இன்னும் பணிப்பாளர்தான். பதிவாளரிடம் போய்ப் பார்த்துவிடுங்கள். பங்குகளை மனைவி பெயருக்கு மாற்றுவது தீர்வாகாது. நலன் முரண்பாடு உறவினரின் நலனையும் பார்க்கும்.

தீர்மானத்தில் பங்குபற்றமாட்டேன் என்று கோவையில் எழுதிய அந்தக் குறிப்புத் தாளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அதைக் கேட்கலாம், டெண்டரில் தோற்ற கம்பனியில் வேலை செய்பவர் உட்பட. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கோவையில் உங்கள் விலகல் குறிப்பு இருந்தால், அவருக்குப் பிரதியாகப் போவதும் அதே குறிப்புத்தான்.