மேசை மேல் ஒரு விண்கலம்: லேசரில் ‘அ’ அனுப்பிப் பார்ப்போம்

விண்வெளி வீரர்களுக்கு லேசர் வழியாக இணையம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான். வேகம் இருக்கத்தான் செய்கிறது. மனிதர்கள் நிலாவைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்துக்காக, அவர்கள் ஏறும் ஓரையன் கலத்துக்கென்று நாசா உருவாக்கிய ஓ2ஓ கருவி, நிலாவுக்குப் பக்கத்திலிருந்து நொடிக்கு 260 மெகாபிட் வரை அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. 2023 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன இல்யூமா-டி என்ற லேசர் கருவிக்கு நொடிக்கு 1.2 ஜிகாபிட். ஆனால் என்னைக் கேட்டால், இதில் பாதி வேலை லேசரைக் குறி பார்ப்பதுதான். படித்தால் அது மண்டையில் ஏறாது, கையால் ஒரு தடவை செய்து பார்த்தால் ஏறும். அதனால் இந்தப் பதிவில் ‘அ’ என்ற ஒரே ஓர் எழுத்தை லேசரில் அனுப்பப் போகிறோம்.

தேவையானவை

இரண்டு ஆர்டுயினோ பலகைகள் (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை), 5 வோல்ட் சிவப்பு லேசர் மாட்யூல் ஒன்று, ஒரு போட்டோடிரான்சிஸ்டர் (ஒளியை உணரும் உறுப்பு), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், கொஞ்சம் வயர், ஒரு கறுப்பு ஸ்ட்ரா.

போட்டோடிரான்சிஸ்டருக்குப் பதில் எல்.டி.ஆர். (ஒளி பட்டால் மின்தடை மாறும் உறுப்பு) போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். விளக்கு அணைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் ஒளியை நினைத்துக்கொண்டே இருக்கும். நமக்கு அந்த மந்தம் ஆகாது.

தொடங்கும் முன் ஒன்று: லேசரை யார் கண்ணுக்கு நேராகவும் பிடிக்காதீர்கள். கண்ணாடி, ஸ்டீல் பாத்திரம் மாதிரிப் பளபளப்பான எதுவும் கற்றையின் வழியில் இருக்கக்கூடாது. கண் மட்டத்துக்குக் கீழே வைத்தே வேலை செய்யுங்கள்.

படி 1: எழுத்தை எண்ணாக்குதல்

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ‘அ’வின் எண் 2949. இதை 16ஆல் வகுத்து, மீதியை எழுதிக்கொண்டே போங்கள். 2949ஐ வகுத்தால் ஈவு 184, மீதி 5. 184ஐ வகுத்தால் ஈவு 11, மீதி 8. மறுபடி வகுத்தால் ஈவு 0, மீதி 11. நான்கு இடம் வேண்டும் என்பதால் முன்னால் ஒரு 0. கீழிருந்து மேலாகப் படித்தால் 0, 11, 8, 5. ‘அ’ என்பது இந்த நான்கு எண்கள்தான்.

படி 2: எண்ணை ஒளியாக்குதல்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். லேசரை 1க்கு எரியவிட்டு 0க்கு அணைப்பார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். நிலாத் தொலைவில் வேறு உத்தி. நேரத்தை 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள், அதில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் ஒளித் துடிப்பு. துடிப்பு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதுதான் செய்தி. 16 வாய்ப்புகளில் ஒன்று என்பதால் ஒரு துடிப்பே 4 பிட் (நான்கு 0, 1 இலக்கங்கள்) சுமக்கிறது. பெறுபவர் ஒளியின் அளவைத் துல்லியமாக அளக்க வேண்டியதில்லை, 16 கட்டங்களில் எது அதிகப் பிரகாசம் என்று பார்த்தால் போதும். 2013இல் நிலாவைச் சுற்றிய லாடீ கலம் இந்த முறையில்தான் நொடிக்கு 622 மெகாபிட் அனுப்பியது. அதன் லேசரின் சக்தி அரை வாட்தான்!

நம் மேசையில் ஒரு கட்டம் 20 மில்லிநொடி. 16 கட்டத்துக்கு 320 மில்லிநொடி, நான்கு எண்ணுக்கு 1.28 நொடி. நிலாவிலிருந்து ஒளி நம்மை வந்தடையவும் ஏறத்தாழ இதே 1.28 நொடிதான் ஆகிறது. நான் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை, தானாக அமைந்தது. லேசர் என்றாலும் ரேடியோ என்றாலும் இந்தத் தாமதம் குறையாது. லேசர் ஒரே நேரத்தில் அதிகம் கொண்டுவரும், சீக்கிரம் கொண்டுவராது.

படி 3: அனுப்பும் பக்கம்

லேசரின் சிக்னல் காலை 8ஆம் பின்னில் இணையுங்கள். நிரலின் வேலை சின்னது. முதலில் 200 மில்லிநொடி தொடர்ந்து எரியவிட வேண்டும். ‘இதோ எழுத்து வருகிறது’ என்ற அறிவிப்பு அது. பிறகு ஒரு கட்டம் சும்மா. அப்புறம் நான்கு எண்களும், ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்தில் ஒரு துடிப்பாக.

அந்தச் சும்மா இருக்கும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன். ‘அ’வின் முதல் எண் 0 அல்லவா? அறிவிப்பு முடிந்த கையோடு முதல் துடிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. பெறும் பக்கம் ஒரு கட்டம் தாமதமாக எண்ணத் தொடங்கியதில் 11, 8, 5 வர வேண்டிய இடத்தில் 10, 7, 4 வந்து நின்றன. ஒரு மாலை முழுக்க வயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படி 4: பெறும் பக்கம்

போட்டோடிரான்சிஸ்டரின் ஒரு காலை 5 வோல்ட்டிலும், மற்றதை ஏ0 பின்னிலும் இணையுங்கள். ஏ0விலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஒளி பட்டதும் திரையில் எண் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கால்களை மாற்றிப் போடுங்கள். அதன் தலையில் கறுப்பு ஸ்ட்ராவைச் செருகினால் அறை வெளிச்சம் பக்கவாட்டில் நுழையாது.

நிரல் நீண்ட ஒளிக்காகக் காத்திருந்து, அது அணைந்ததும் 20 மில்லிநொடி விட்டு எண்ணத் தொடங்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு அளவீடு, 16இல் பெரியது எதுவோ அதுவே விடை. நிஜத் தரை நிலையங்களில் இந்த இடத்தில், பூச்சியப் பாகை செல்சியஸுக்கு 270 பாகை கீழே குளிரவைத்த மீக்கடத்தி (மின்தடையே இல்லாத) நுண்கம்பி இருக்கும். ஒற்றை ஒளித்துகள் பட்டாலும் அது சொல்லிவிடும்.

படி 5: குறி பார்த்தல்

இரண்டையும் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். சிவப்புப் புள்ளி ஸ்ட்ராவின் வாய்க்குள் விழ வேண்டும். ‘அ’ ஒழுங்காக வந்துவிட்டதா? சரி, இப்போது லேசரை ஒட்டியிருக்கும் 10 செ.மீ. நீளப் பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரே ஒரு தாளைச் செருகுங்கள். தாளின் தடிமன் 0.1 மி.மீ. புள்ளி 3 மி.மீ. நகர்ந்துவிடும், எழுத்து நின்றுபோகும். இதே சாய்வு நிலாவில் நேர்ந்தால் கற்றை பூமியில் 384 கி.மீ. தள்ளிப் போய் விழும். லாடீயின் கற்றை பூமியைத் தொடும்போது சுமார் 6 கி.மீ. அகலம்தான்.

அடுத்து, எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையை விரலால் தட்டுங்கள். ஆளில்லாக் கலத்தைவிட ஆளுள்ள கலத்தில் தொல்லை அதிகம் என்பது இங்கேதான் தெரியும். மனிதர்கள் மிதந்து வந்து சுவரில் கை ஊன்றுவார்கள், உடற்பயிற்சி செய்வார்கள், மின்விசிறிகள் ஓயாமல் சுற்றும். அதனால்தான் கலத்தில் லேசரை அனுப்பும் தொலைநோக்கியைத் திருப்பும் அமைப்பு தனி, நடுக்கத்தை உடனுக்குடன் சரிசெய்யும் சின்ன ஆடி தனி. பூமியிலிருந்து வரும் வழிகாட்டு லேசரைப் பார்த்துக்கொண்டே கலம் தன் குறியைத் திருத்தும்.

பூமியிலிருந்து அனுப்புபவருக்கும் சிக்கல் உண்டு. அவர் பார்ப்பது 1.28 நொடிக்கு முந்தைய கலத்தை. அவர் அனுப்பும் ஒளி போய்ச்சேர இன்னொரு 1.28 நொடி. நிலாவோ நொடிக்கு சுமார் 1 கி.மீ. நகர்கிறது. ஆகவே தெரிகிற இடத்துக்கு இரண்டரை கி.மீ. முன்னால் குறி வைக்க வேண்டும்.

படி 6: மேகம்

கற்றையின் குறுக்கே மங்கலான பாலித்தீன் கவரைப் பிடியுங்கள். ஏ0வின் எண் சரியும். ஒரு மடிப்பில் எழுத்து தாக்குப்பிடிக்கலாம், நான்கு மடிப்பில் போய்விடும். வானத்து மேகத்தை மடித்து வைக்க முடியாது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஓ2ஓவுக்கு நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ், கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன் என்று வறண்ட பகுதிகளில் இரண்டு தரை நிலையங்களைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். கலத்தில் ரேடியோவும் கூடவே இருக்கும். உயிர்நாடியான பேச்சையும் கட்டளைகளையும் மேகத்தை நம்பி விட முடியாதே.

உங்களிடம் இன்னொரு போட்டோடிரான்சிஸ்டர் இருந்தால் அதை ஒரு மீட்டர் தள்ளி இரண்டாவது நிலையமாக வையுங்கள். முதல் நிலையத்தைக் கவரால் மூடிவிட்டு, லேசரைக் கையால் திருப்பி இரண்டாவதில் ‘அ’வை வரவழைக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். எனக்கு முதல் தடவை பதினொன்று ஆனது.