வயிற்றுப் பிள்ளையோடு கப்பலில் 5 இரவு: மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கோத்தகிரியில் என் வீட்டுக்காரருக்கு உரக்கடை. டார்கெட்டை முடித்த டீலர்களுக்குக் கம்பெனி ஜோடியாக ஒரு டூர் கொடுத்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கைக்குப் போய், 5 இரவு கழித்துத் திரும்பும் சொகுசுக் கப்பல். கடிதம் வந்தபோது எனக்கு மூன்றாவது மாதம். ஏலக்காய் வாசனைகூடக் குமட்டிக்கொண்டிருந்த நேரம்.

"மாசமா இருக்கிறவ கடல் தாண்டறதா?" என்றார் மாமியார். பதில் சொன்னது நான் இல்லை, என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. "ஏம்மா, இவ மாமன வயித்துல வெச்சுக்கிட்டுத்தான் நான் ராமானுஜம் கப்பல்ல வந்தேன்." இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, இங்கே தேயிலைக்கு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அது சில மணி நேரக் கடல், என்னுடையது 5 ராத்திரி, இரண்டும் ஒன்றில்லைதான். ஆனால் வீட்டில் பேச்சு அதோடு அடங்கியது.

முதலில் நாள் கணக்கு. இங்கேதான் நம்மவர்கள் தப்புச் செய்கிறார்கள். நாம் மாதத்தில் பேசுகிறோம். அதிலும் ஐந்து முடிந்து ஒரு நாள் ஆனால் "ஆறு மாசம்" என்போம். கப்பல்காரர்களுக்கு வாரம்தான் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் 24 வாரத்தைத் தொட்டவர்களை ஏற்றுவதில்லை. அந்த 24 வாரம் ஏறும் நாளுக்கு மட்டும் இல்லை, பயணம் முடியும் நாள்வரைக்கும் பொருந்தும்.

எங்களுக்கு இரண்டு தேதி கொடுத்தார்கள், மார்ச்சில் ஒன்று, மூன்று வாரம் தள்ளி ஏப்ரலில் ஒன்று. ஏப்ரல் என்றால் ஏறும்போது 23 வாரம் 4 நாள். "அதான் 24 ஆகலையே" என்றார் வீட்டுக்காரர். இறங்கும்போது 24 வாரம் 2 நாள் ஆகியிருக்கும். துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். மார்ச்சில் போனால் 20 வாரம் 4 நாளில் ஏறி 21 வாரம் 2 நாளில் இறங்கலாம். மார்ச்சையே எடுத்தோம். காலண்டரை எடுத்துத் திரும்பும் தேதியில் முதலில் வட்டம் போடுங்கள், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இந்த விதி ஏன் என்று எங்கள் டாக்டர் சொன்ன பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. கப்பலில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, ஊசி மருந்து உண்டு. பிரசவ டாக்டர் கிடையாது, குறைமாதக் குழந்தையை வைத்துக் காப்பாற்றும் இன்குபேட்டர் வார்டும் கிடையாது. நடுக்கடலில் வலி கண்டால் அடுத்த துறைமுகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆக, மசக்கை அடங்கும் 14-வது வாரத்துக்கும் 23-க்கும் நடுவில்தான் உங்கள் பயணம் அமைய வேண்டும். அதிலும் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அஞ்சாம் மாத ஸ்கேனை முடித்துவிட்டுப் போவது நல்லது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா, கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். இரட்டைப் பிள்ளை, உதிரப்போக்கு, பிரஷர், ஏற்கெனவே குறைப்பிரசவம் ஆனது, இவற்றில் ஏதாவது இருந்தால் டிக்கெட்டை மறந்துவிட்டு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்தது காகிதம். என் டாக்டர் கொடுத்த கடிதத்தில் "ஐந்து மாத கர்ப்பம், பயணம் செய்யலாம்" என்று இரண்டே வரி. செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேடம், எத்தனை வாரம்? டியூ டேட் என்ன?" என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பின்னால் நூறு பேர் வரிசை, எங்கள் டூர் ஆட்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மாமியார் பீரோவிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்வரை ஒரு மணி நேரம் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் முதலில் அனுப்பியது ரேஷன் கார்டு.

ஆகவே கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: பிரசவத் தேதி, பயணத்தின் கடைசி நாளில் எத்தனை வாரம் எத்தனை நாள், ஒற்றைக் கருவா இரட்டையா, சிக்கல் ஏதும் இல்லை, கப்பலில் பயணம் செய்யத் தகுதி உண்டு, அப்புறம் டாக்டரின் பதிவு எண், முத்திரை. பயணத்துக்குச் சில நாள் முன்பு வாங்குங்கள். பழைய தேதி வேண்டாம். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை தெரியும்படி ரிப்போர்ட், பிக்மி எண் (அரசுக் கர்ப்பிணிப் பதிவு எண்) எழுதிய தாய் சேய் அட்டை. எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் இல்லை. துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டால் அது கேபினுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். சத்து மாத்திரைகளும் கைப்பையிலேயே.

பயணக் காப்பீடு எடுத்தால், கர்ப்பம் தொடர்பான செலவு அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் சேராது.

சரி, இப்போது மலை. கடலை நினைத்துப் பயந்துகொண்டிருந்த நான் பயந்திருக்க வேண்டியது மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு. கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி, மேட்டுப்பாளையம் 1,000 அடி. ஒன்றரை மணி நேரத்தில் 5,000 அடி இறங்குகிறோம். காது அடைக்கும், வயிறு புரளும். குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்; எங்கள் கோத்தகிரி ரோடு அவ்வளவு முறுக்காது என்பது என் அபிப்பிராயம், குன்னூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். வெறும் வயிற்றோடும் இறங்காதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்காருங்கள். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேல் வரக்கூடாது, வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்போடு ஒட்டி இருக்க வேண்டும். வளைவில் வேகம் வேண்டாம் என்று டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் காலையிலேயே இறங்கி, காரமடையில் சொந்தக்காரர் வீட்டில் சாயங்காலம்வரை படுத்திருந்துவிட்டு, ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். கர்ப்பிணிகளுக்கு ரயிலில் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. டாக்டர் கடிதத்தோடு போய் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் கேளுங்கள். சென்னையில் ஒரு நாள் முன்னதாகவே இருப்பது நல்லது. மழைக்காலத்தில் மலையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் கப்பல் உங்களுக்காக நிற்காது. எப்படியும் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வங்கக்கடலில் புயல் காலம். அந்த மாதங்களில் போகவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, தண்ணீர். கோத்தகிரிக் குளிரில் நமக்குத் தாகமே எடுக்காது. அதே பழக்கத்தில் மார்ச் மாதச் சென்னைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் தலை சுற்றும், கால் வீங்கும். பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள்.

கேபின் கொடுக்கும்போது கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். சீசா பலகையின் ஓரத்தில் உட்காருவதற்கும் நடுவில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். டீலர்கள் எல்லாரும் மேல் தளத்துப் பால்கனிக்கு அடித்துக்கொண்டார்கள். முதல் ராத்திரியே அவர்களில் பாதிப் பேர் எலுமிச்சம்பழம் தேடி என் கதவைத் தட்டினார்கள். கடல் குமட்டலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மசக்கைக்கு டாக்சிலமைனும் பி6-உம் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுப்பது வழக்கம். எனக்கும் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

சாப்பாட்டில் எனக்கு ஒரே விதிதான்: கண் முன்னால் சூடாக வருவதை மட்டும் சாப்பிடுவது. தோசைக்கல் பக்கம் நின்றேன். வெட்டி வைத்த பழம், பச்சைக் காய், பாதி வெந்த முட்டை, பச்சை மீன் எதையும் தொடவில்லை. கப்பலில் ஒருவருக்கு வாந்தி பேதி வந்தால் பலருக்குப் பரவும். அந்த நோரோ வைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் சரியாகக் கேட்பதில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். வெந்நீர்த் தொட்டியும் நீராவி அறையும் வேண்டாம், உடம்புச் சூடு ஏறுவது பிள்ளைக்கு ஆகாது. சில துறைமுகங்களில் கப்பல் தள்ளி நின்றுகொண்டு, சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப் போவார்கள். அலை இருந்தால் அந்தப் படகுக்குத் தாவாதீர்கள். நான் ஒரு நாள் இறங்காமல் மேல் தளத்தில் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தேன், பயணத்திலேயே நல்ல நாள் அதுதான்.

ரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, விட்டுவிட்டு வயிறு இறுகினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ விடியட்டும் என்று பார்க்காமல் உடனே மருத்துவ அறைக்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணை ஏறிய முதல் நாளே எழுதிப் போன் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கப்பலைவிட்டு இறங்கிய பிறகும் இரண்டு நாள் தரை ஆடுவது போலவே இருக்கும். அந்த ஆட்டத்தோடு ரயிலில் வந்து, மேட்டுப்பாளையத்தில் விடிகாலை இறங்கி, வீட்டு ஞாபகத்தில் உடனே மலையேறிவிட்டோம். 5 நாள் கடலில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்காதவள், குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லிக் குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். ஒரு நாள் சமவெளியில் தங்கி, நன்றாகத் தூங்கிவிட்டு ஏறுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாயி கேட்டது ஒன்றே ஒன்று, தலைமன்னார் பக்கம் போனீர்களா என்று. கப்பல் அந்தப் பக்கமே போகவில்லை என்றேன். "அப்ப என்னத்த பார்த்தீங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.